மலைநடைப் பயணமும் மலையூரின் பங்கும்

உத்தராகண்ட் மாநிலத்தின் சமோலி மாவட்டத்தில், ஜோஷிமட் நகரிலிருந்து நீத்தி பள்ளத்தாக்கை நோக்கிச் செல்லும் சாலையின் மேற்புறத்தே லாதா என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. 7,816 மீட்டர் உயரமுள்ள நந்தாதேவிச் சிகரத்தின் உட்பகுதிக்குச் செல்வோருக்கு இவ்வூர் பன்னெடுங்காலமாக ஒரு வாயில். இப்பள்ளத்தாக்கின் போட்டியா மக்கள் 1962 வரை கணவாய்களைக் கடந்து திபெத்துடன் உப்பும் கம்பளியும் மாற்றி வாணிகம் செய்துவந்தனர். அவ்வாண்டு நேர்ந்த போருடன் கணவாய்கள் அடைபட்டன, வாணிகம் நின்றது. ஆடு வளர்ப்பும் சிறிதளவு வேளாண்மையுமே எஞ்சின.

1974இல் நந்தாதேவியின் உட்பகுதி மலையேறுவோருக்குத் திறந்துவிடப்பட்டது. வெளிநாட்டினரும் நம் நாட்டினரும் குழுக்குழுவாக வந்தனர். சுமை தூக்கவும் வழிகாட்டவும் ஆட்கள் தேவைப்பட்டனர். இழந்த வாணிகத்துக்கு ஈடாக இல்லாவிடினும், பருவந்தோறும் ரொக்கப் பணம் ஊருக்குள் வந்தது. கூடவே, மலையும் கெட்டது. கூடார அடுப்புகளுக்காகப் புதர்களும் மரங்களும் வெட்டப்பட்டன. தகரக் குவளைகளும் கயிறுகளும் பனியில் கிடந்தன. கஸ்தூரிமான் வேட்டையும் நடந்தது. எனவே 1982இல் அப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, மலையேறுவோருக்கு மூடப்பட்டது. 1988இல் அது உயிர்க்கோளக் காப்பகமாகவும், யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சொத்தாகவும் ஆயிற்று. 1993இல் அங்கு சென்ற இராணுவப் பொறியாளர் குழு ஏறத்தாழ ஒரு டன் குப்பையைச் சுமந்து இறக்கியது என்றால், மூடியது தேவையற்ற நடவடிக்கை என்று யாரும் கூற இயலாது.

ஆயினும் மூடிய முறையில் ஒரு குறை இருந்தது. குப்பையைப் போட்டவர்கள் வேறு மலைகளுக்குப் போய்விட்டனர். கூலியையும், மேய்ச்சலையும், மூலிகை சேகரிக்கும் உரிமையையும் இழந்தவர்கள் ஊரிலேயே இருந்தனர். லாதாவுக்கு அண்மையிலுள்ள ரேணியில்தான் 1974 மார்ச் 26ஆம் நாள் கௌரா தேவியின் தலைமையில் பெண்கள் மரங்களைக் காத்து நின்றனர். சிப்கோ இயக்கத்தின் புகழ்பெற்ற நிகழ்ச்சி அது. காட்டைக் காத்ததற்காக நாடு போற்றிய அதே பள்ளத்தாக்கின் மக்கள், எட்டே ஆண்டுகளில், அக்காட்டுக்குள் நுழைய உரிமையற்றவர்களாயினர். 1998இல் அவர்கள் 'ஜப்டோ சீனோ', அதாவது 'பாய்ந்து பறி', என்ற முழக்கத்துடன் தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் நுழைந்து தங்கள் உரிமையை வலியுறுத்தினர். 2001 அக்டோபரில் லாதாவில் கூடிச் சுற்றுலா பற்றித் தாங்களே ஓர் அறிக்கையை ஏற்றுக்கொண்டனர். சுற்றுலாத் தொழில் தனிப்பட்ட சிலரின் ஏகபோகமாகிவிடக் கூடாது, அதன் பயன் ஊராரிடையே நேர்மையாகப் பகிரப்பட வேண்டும், உள்ளூர் இளைஞர்க்கும் பெண்களுக்கும் அதில் இடம் வேண்டும் என்பன அவ்வறிக்கையின் சாரம். 2003இல் காப்பகத்தின் ஒரு சிறு பகுதி, ஆண்டுக்கு 500 பேர் என்ற வரம்புடன், நடைப்பயணிகளுக்கு மீண்டும் திறக்கப்பட்டது.

இந்த வரலாற்றைச் சற்று விரிவாகவே கூறியதற்குக் காரணம் உண்டு. மலைநடைப் பயணத்தைப் பற்றி, அதாவது மக்கள் 'டிரெக்கிங்' என்று வழங்கும் பல நாள் மலைவழிப் பயணத்தைப் பற்றி, எழுதப்படும் திட்டக் குறிப்புகளில் எல்லாம் 'உள்ளூர் மக்கள் பயன் பெறுவர்' என்ற வாக்கியம் தவறாமல் இடம்பெறுகிறது. எவ்வழியில் பயன்பெறுவர், யார் முடிவால் பெறுவர், யார் முடிவால் இழப்பர் என்ற கேள்விகள் அவற்றில் இடம்பெறுவதில்லை. பயணிகள் ஊர் வழியே நடந்து செல்வதால் மட்டுமே ஊர் செழித்துவிடாது. வந்த பணத்தில் ஊரில் தங்குவது எவ்வளவு என்பதும், வழியைத் திறக்கவும் அடைக்கவும் ஊருக்குள்ள குரல் எவ்வளவு என்பதுமே இதில் முடிவான செய்திகள். இக்கட்டுரை அவ்விரண்டையும் ஆராய முற்படுகிறது.

ஒரு ரூபாய் எங்கே போகிறது?

பல ஆண்டுகளுக்கு முன், மலை மாவட்டமொன்றில் நடைபெற்ற ஆய்வுக் கூட்டத்தில் கலந்துகொண்டேன். அவ்வாண்டு வந்த பயணிகளின் எண்ணிக்கை, முந்தைய ஆண்டினும் எவ்வளவு மிகுதி என்பது, எதிர்பார்ப்பு எவ்வளவு என்பது ஆகிய மூன்றும் அழகிய அட்டவணையாக வைக்கப்பட்டிருந்தன. ஊரில் எத்தனை ரூபாய் தங்கியது என்று கேட்டபோது, அதற்கெனப் படிவத்தில் பத்தி இல்லை என்று பதில் வந்தது. பத்தி இல்லாத ஒன்றை எவரும் கணக்கிடுவதில்லை என்பது நம் நிர்வாகத்தின் பழைய இயல்பு.

பொருளியலில் இதனைக் 'கசிவு' என்பர். ஓர் இடத்தின் பெயரால் செலவிடப்படும் பணம் அவ்விடத்தில் தங்காமல் வெளியேறுவதே கசிவு. மாணவர்கள் விளங்கிக்கொள்வதற்காக ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஆறு நாள் நடைப்பயணத்துக்கு ஒருவர் 15,000 ரூபாய் செலுத்துகிறார் என்று கொள்வோம். பெருநகரிலுள்ள நிறுவனத்தின் நிர்வாகம், விளம்பரம், இலாபம் ஆகியவற்றுக்கு 5,000. சமவெளியிலிருந்து வந்து திரும்பும் வண்டிக்கு 2,500. கூடாரம், படுக்கைப் பை முதலியவற்றின் தேய்மானத்துக்கு 1,500. சமவெளிச் சந்தையில் வாங்கிவரும் உணவுப் பொருளுக்கு 1,800. நிறுவனம் தன்னுடன் அழைத்துவரும் வழிகாட்டிக்கும் சமையற்காரருக்கும் 1,700. அனுமதிக் கட்டணமும் வரியுமாக 1,000. எஞ்சிய 1,500 ரூபாய் உள்ளூர்க் கோவேறு கழுதைக்கும் சுமை தூக்குவோருக்கும். ஆக, நூற்றுக்குப் 10 பங்குதான் மலையூரைச் சேர்கிறது.

இதே 15,000 ரூபாயை வேறு வகையில் பிரித்துப் பார்ப்போம். வழிகாட்டியும் சமையற்காரரும் ஊராராக இருக்கட்டும். அந்த 1,700 ஊரில் தங்கும். இரண்டு இரவுகள் கூடாரத்துக்குப் பதிலாக ஊர் வீடுகளில் உணவுடன் தங்கட்டும், அதற்கு 2,000. கூடாரத் தேய்மானம் 900ஆகக் குறையும். உணவுச் செலவு 1,200ஆகக் குறையும். அதிலும் பாதியை உருளைக்கிழங்கு, ராஜ்மா, மாவு, பால் என ஊரிலேயே வாங்கலாம். நிறுவனத்தின் பங்கு 5,000லிருந்து 4,200ஆக இறங்கும். வண்டி, கட்டணம், கழுதைக் கூலி முன்போலவே. இப்போது ஊரைச் சேர்வது 5,800 ரூபாய்; ஏறத்தாழ நூற்றுக்கு 39. பயணி ஒரு ரூபாய்கூட மிகுதியாகத் தரவில்லை. ஒரு பயணிகூடக் கூடுதலாக வரவில்லை. மலை தாங்க வேண்டிய சுமையும் கூடவில்லை. வருவாயைப் பெருக்க ஆட்களைப் பெருக்குவது ஒன்றே வழி என்ற எண்ணம் எவ்வளவு பிழையானது என்பது இதனால் விளங்கும்.

உண்மையான கணக்கு இவ்வளவு எளிதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊருக்குள் வந்த ரூபாய் அடுத்த சுற்றிலேயே கீழ்ச்சந்தைக்குப் போய்ப் பொட்டலப் பொருள்களாக மாறிவிடுவதுண்டு. வேறொரு நுட்பமும் இங்குண்டு. நடைப்பயணப் பருவம் பெரும்பாலான இடங்களில் மே, ஜூன் மாதங்களும், மழைக்குப்பின் செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் ஆகும். பின்னது அறுவடைக் காலம். முன்னது, உத்தராகண்டின் உயர்மலைகளில், 'கீடா ஜடி' என வழங்கும் விலைமதிப்புள்ள பூஞ்சையைத் தேடி இளைஞர்கள் மேலேறும் காலம். ஒரு வேலைக்குப் போவதால் கைவிட நேரும் மற்றொரு வருவாயை 'வாய்ப்புச் செலவு' என்கிறோம். சுமை தூக்குவதற்குத் தரும் கூலியை மட்டும் பார்த்து, அவர் விட்டுவந்த அறுவடையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், நன்மையை மிகைப்படுத்தியவர்களாவோம்.

இவ்வளவு குறைகளோடும் இது ஏன் முக்கியம் எனில், மலையூர்கள் காலியாகி வருகின்றன. உத்தராகண்ட் அரசு அமைத்த ஊரக வளர்ச்சி, இடப்பெயர்ச்சி ஆணையம் 2018இல் அளித்த அறிக்கை, 2011க்குப் பின் 734 ஊர்கள் குடியற்றுப் போயின என்று கூறியது. வெளியேறியோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் கூறிய காரணம் பிழைப்பின்மை. ஆண்டில் அறுபது, எழுபது நாள் ஊரிலேயே ரொக்கக் கூலி கிடைக்கும் என்றால், ஒரு குடும்பம் மலையில் நிற்பதா இறங்குவதா என்ற முடிவு அதனால் மாறக்கூடும்.

லடாக்கின் முறைவீடுகள்

கசிவைக் குறைப்பதில் நம் நாட்டில் நன்கு அறியப்பட்ட முயற்சி லடாக்கில் நடந்தது. 1974இல் லடாக் வெளிநாட்டுப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. லே நகருக்கு அண்மையிலுள்ள ஹெமிஸ் தேசியப் பூங்காவின் வழியே ஆண்டுதோறும் நடைப்பயணிகள் சென்றனர். அவர்களுக்கு வேண்டிய கூடாரம், உணவு, ஆள் அனைத்தும் லேயிலிருந்தோ அதற்கும் அப்பாலிருந்தோ வந்தன. வழியிலுள்ள ஊர்களுக்குக் கூடாரம் அடிக்கும் இடத்துக்கான சிறு வாடகையே கிடைத்தது. அதே வேளையில் அவ்வூர்களின் ஆடுகளைப் பனிச்சிறுத்தை கொன்றுவந்தது. ஒரே இரவில் பட்டியில் புகுந்து பல ஆடுகளைக் கொன்றுவிடும் விலங்கை ஊரார் விரும்புவர் என எதிர்பார்க்க இயலாது. பனிச்சிறுத்தையைக் காண உலகெங்குமிருந்து வருவோர் உளர். அதனால் இழப்பு மட்டுமே ஊருக்கு.

பனிச்சிறுத்தைப் பாதுகாப்பில் ஈடுபட்ட 'ஸ்நோ லெப்பர்ட் கன்சர்வன்சி' என்னும் அமைப்பு, ஏறத்தாழ 2002 முதல், இவ்விரு சிக்கல்களையும் ஒன்றாகவே அணுகியது. ஒருபுறம் ஆட்டுப் பட்டிகளுக்குக் கம்பிவலைக் கூரை அமைக்க உதவிற்று. மறுபுறம் ரும்பாக் முதலிய ஊர்களில் பயணிகளை வீடுகளிலேயே தங்கவைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. புதுக் கட்டடம் எதுவும் எழுப்பப்படவில்லை. இருக்கும் வீட்டில் ஓர் அறை, வீட்டார் உண்ணும் உணவு, லடாக்கியரின் மரபுவழி உலர் கழிப்பறை, இவ்வளவே. வழியில் சில இடங்களில் பெண்கள் பழைய பாராசூட்டுத் துணியைக் கூடாரமாக்கித் தேநீர்க் கடைகள் நடத்தினர்.

இத்திட்டத்தில் அலுவலர்கள் கூர்ந்து நோக்க வேண்டிய கூறு அறையோ உணவோ அன்று, முறை. பயணி தான் விரும்பிய வீட்டைத் தேர்ந்தெடுப்பதில்லை. கட்டணம் எல்லா வீட்டுக்கும் ஒன்று. யார் முறையோ அவ்வீட்டுக்கு அடுத்த விருந்தினர் செல்வார். இம்முறை இல்லையெனில் என்ன நேரும் என்பதை எந்தச் சுற்றுலா ஊரிலும் காணலாம். பாதையோரத்து வீடும், நல்ல சாளரமுள்ள வீடும், ஆங்கிலம் பேசும் மகன் உள்ள வீடும் எல்லா விருந்தினரையும் பெறும். மூன்றே ஆண்டுகளில் அவ்வீடு மாடி எழுப்பும். எஞ்சிய வீடுகள் கட்டணத்தைக் குறைத்துத் தம்முள் போட்டியிடும். போட்டி விலையைக் குறைக்கும் என்று பாடநூலில் படித்தோம். பத்து வீடுகளே உள்ள ஊரில் அது அண்டை வீட்டாரின் உறவையும் குறைத்துவிடும்.

முறை என்பது லடாக்கியருக்குப் புதிதன்று. பனியுருகி வரும் ஓடை நீரை வயல்களுக்கு முறைவைத்துப் பகிர்ந்தளிக்க 'சுர்போன்' என்னும் நீர்ப்பொறுப்பாளரை அவர்கள் நெடுங்காலமாக அமர்த்தி வருகின்றனர். நம் ஏரிப்பாசன ஊர்களின் நீர்க்கட்டியை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கிடைப்பது குறைவாகவும் வேண்டுவோர் பலராகவும் உள்ள இடத்தில் முறைப்பாசனம் நீதியைக் காக்கிறது. விருந்தினரும் நீரைப் போன்றவரே என்று ஊரார் கொண்டனர். புதிய வருவாய்க்குப் பழைய ஒழுங்கைப் பொருத்தியதே இத்திட்டம் வேரூன்றியதன் காரணம் என்பது என் கருத்து.

வருவாயில் ஏறத்தாழ நூற்றுக்குப் 10 ஊரின் பாதுகாப்பு நிதிக்குச் சேர வேண்டும் என்பது மற்றோர் ஏற்பாடு. குப்பை அகற்றல், மேய்ச்சல் நிலச் சீரமைப்பு போன்றவற்றுக்கு அந்நிதி பயன்பட்டது. எல்லாவற்றினும் சிறப்பானது, வீட்டில் தங்குவோர் தரும் பணம் வீட்டுப் பெண்ணின் கைக்கு வந்தது. சுமை தூக்குவதும் கழுதை ஓட்டுவதும் ஆண்களின் தொழிலாக இருந்துவரும் சூழலில், நடைப்பயண வருவாய் பெண்ணைச் சேரும் வழி பெரும்பாலும் வீட்டின் வழியேதான்.

விறகும் பட்டியலும்

சிக்கிமின் யுக்சோமில் நடந்தது வேறு வகை. அங்கிருந்து கஞ்சன்ஜங்கா தேசியப் பூங்காவின் ஊடே ஜோங்ரி புல்வெளிக்கும் கோச்சா கணவாய்க்கும் செல்லும் வழி புகழ்பெற்றது. பயணிகள் பெருகியபோது முதலில் தேய்ந்தது காடு. உயர்மலையில் ஒரு மரம் வளர்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். ஒரு குழுவின் இரவுச் சமையலும் குளிர்காயும் நெருப்பும் அதனை ஓரிரவில் தீர்த்துவிடும். யுக்சோம் இளைஞர்கள் 1996இல் கஞ்சன்ஜங்கா பாதுகாப்புக் குழுவை அமைத்தனர். பூங்கா வழியில் விறகு எரிக்கக் கூடாது, மண்ணெண்ணெயோ எரிவாயுவோ கொண்டுசெல்ல வேண்டும் என்ற விதி வந்தது. கொண்டுசெல்லும் பொருள்களைப் பட்டியலிட்டுத் திரும்புகையில் குப்பையைச் சரிபார்க்கும் வழக்கமும் நிலைபெற்றது.

விதி எழுதுவது எளிது. அதனை 4,000 மீட்டர் உயரத்தில் நிறைவேற்றுவது அரிது. வனத்துறையின் ஒரு காவலர் ஒரு பருவத்தில் எத்தனை முறை ஜோங்ரிக்கு ஏறி இறங்க இயலும்? வழிநெடுக உள்ள சமையற்காரரும் யாக்கு ஓட்டுபவரும் அதே ஊரினர் என்பதால், கண்காணிப்பு செலவின்றி நடந்தது. விறகு எரித்தவர் யார் என்பது ஊருக்குத் தெரியாமற் போகாது. பொதுச் சொத்தைக் காப்பதில் அரசின் காவலைவிட அண்டைவீட்டாரின் பார்வை மலிவானது, சில வேளைகளில் வலியதும்கூட. பூக்களின் பள்ளத்தாக்குக்கும் ஹேமகுண்ட் சாஹிபுக்கும் செல்லும் வழியில் பியுந்தார் ஊரின் சூழல் மேம்பாட்டுக் குழு பாதையையும் குப்பையையும் கவனித்து வருவதும் இவ்வகையில் சேரும். அங்கே யாத்திரைக் கூட்டம் மிகப் பெரிது. ஆகவே சிக்கலும் பெரிது.

யார் கதவை அடைக்கிறார்?

மலை தாங்கும் அளவுக்கு ஓர் எல்லை உண்டு. புக்யால் என்று கடுவாலி மொழியில் வழங்கும் உயர்மலைப் புல்வெளியை எடுத்துக்கொள்வோம். மரக்கோட்டுக்கு மேலே, 3,000 மீட்டரைத் தாண்டிய சரிவுகளில் அது விரிந்து கிடக்கும். மண் மெல்லிய படலம். புல் வளரும் காலம் ஆண்டில் நான்கைந்து மாதமே. கூடாரம் தொடர்ந்து அடிக்கப்படும் இடத்திலும், கழுதைகள் ஒரே தடத்தில் நடக்கும் இடத்திலும் புற்கரணை கிழிகிறது. கிழிந்த இடத்தில் மழைநீர் ஓடை பிடிக்கிறது. அடுத்த சில மழைக்காலங்களில் அவ்விடம் பள்ளமாகிறது. குளிரில் எதுவும் விரைந்து மக்குவதில்லை. மனிதக் கழிவும் அவ்வாறே. அது கிடக்கும் சரிவின் கீழேதான் ஏதேனும் ஓர் ஊரின் ஊற்று இருக்கும்.

ரூப்குண்ட் ஏரிக்குச் செல்லும் வழியிலுள்ள ஆலி, பெத்னி, பக்ஜி புல்வெளிகள் இவ்வாறு சீர்கெட்டன. அவற்றைக் காக்க வேண்டி ஒரு பாதுகாப்புக் குழு தொடுத்த வழக்கில், உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. புக்யால்களில் இரவில் தங்கக் கூடாது. பயணிகள் 200 பேருக்கு மேற்படக் கூடாது. நிலையான கட்டுமானங்களை அகற்ற வேண்டும் என்பன அதன் ஆணைகள். புல்வெளியைப் பொறுத்தவரை இவை நியாயமானவையே. ஆனால் இத்தகைய தடையின் பொருளாதார விளைவைப் பாருங்கள். பெருநகர நிறுவனங்கள் தம் குழுக்களை வேறு மலைகளுக்கு மாற்றிக்கொள்ளலாம். அவற்றுக்கு ரூப்குண்ட் பல சரக்குகளுள் ஒன்று. வாண், லோஹாஜங் ஆகிய இடங்களில் கடன் வாங்கிக் கழுதை வாங்கியவர் தம் ஊரை வேறு மலைக்கு மாற்ற இயலாது. 1982இல் லாதாவுக்கு நேர்ந்தது, முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் வாண் ஊருக்கும் நேர்ந்தது.

இதனோடு ஒப்பிட வேண்டியது லடாக்கின் ஸ்டோக் காங்ரி. 6,100 மீட்டருக்கு மேற்பட்டதாயினும் ஏறுவதற்கு அவ்வளவு கடினமற்றது என்ற பெயர் அச்சிகரத்துக்கு இருந்ததால், கூட்டம் அலைமோதியது. அதன் அடியிலுள்ள ஸ்டோக் ஊருக்கு அப்பனிப்பாறைதான் குடிநீரும் பாசன நீரும். மலையேறுவோரின் கழிவு ஓடையில் கலப்பதையும், பனிப்பாறை தேய்வதையும் கண்ட ஊரார் சிகரத்தை மூடுமாறு கோரினர். 2020 முதல் அது மூடப்பட்டது. மூடுவதால் இழக்கவிருந்த வருவாய் தங்களுடையது என்பதை அறிந்தே கோரினர். நீரையும் கூலியையும் தராசில் வைத்துப் பார்த்து, நீரே கனம் என்று முடிவு செய்தவர்கள் அவர்கள். வாண் ஊராரின் இழப்பும் ஸ்டோக் ஊராரின் இழப்பும் ரூபாய்க் கணக்கில் ஒத்தவையாகவே இருக்கலாம். முன்னது தண்டனையாக வந்தது. பின்னது முதலீடாகச் செய்யப்பட்டது. தண்டனையை மீற மனிதன் வழி தேடுவான். தன் முதலீட்டைத் தானே காவல் காப்பான்.

எல்லா ஊரும் ஸ்டோக் போல முடிவெடுக்கும் என்று நான் கூறவரவில்லை. ஊருக்குள்ளும் செல்வர் உண்டு, ஏழை உண்டு. நூறு கழுதைக்குக் குத்தகை எடுத்தவரின் குரல் கூட்டத்தில் உரத்து ஒலிக்கும். அதனால்தான் முடிவு ஊர்ப் பெரியவர் நால்வரிடம் அன்றி, பெண்களும் அமரும் கிராம சபையிடம் இருத்தல் வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. குமாவூன் மலைப்பகுதியில் 1931ஆம் ஆண்டு விதிகளின்கீழ்த் தோன்றிய வனப் பஞ்சாயத்துகள் இன்றும் உத்தராகண்டில் உள்ளன. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், உரிமைபெற்ற சமூகக் காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு அதிகாரம் அளிக்கிறது. இருக்கும் அதிகாரத்தை நடைவழியின் அனுமதிச் சீட்டுக்கும் நீட்டிப்பதற்கு வேண்டியது நிர்வாக மனம்.

சாலை வரும்போது

மற்றொரு மாற்றத்தையும் குறிப்பிடாமல் விட இயலாது. எல்லைப்புற ஊர்கள் காலியாவதைத் தடுக்க மத்திய அரசு 2023இல் 'துடிப்பான கிராமங்கள்' திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 4,800 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் 2,500 கோடி சாலைகளுக்கு. நோயாளியைக் கட்டிலில் சுமந்து இறங்கும் ஊருக்குச் சாலை வேண்டா என்று சமவெளியில் அமர்ந்துகொண்டு யாரும் எழுதலாகாது. மலையழகைக் காக்கும் பொருட்டு மலைவாழ் மக்கள் நடந்தே சாக வேண்டும் என்பது நேர்மையான வாதமன்று.

எனினும் சாலை, நடைவழியின் பொருளாதாரத்தைத் தலைகீழாக்குகிறது. மூன்று நாள் நடந்த வழியை வண்டி மூன்று மணியில் கடந்தால், இடையிலுள்ள ஊர்களில் தங்கிய இரவுகள் மறைந்துவிடும். பயணி சாலை முடியும் ஊருக்கு நேரே போவார். அங்கேதான் கட்டடங்கள் குவியும். எனவே சாலைக்கு நில அளவை நடக்கும்போதே, அதே பள்ளத்தாக்கின் வேறு பழைய தடங்களை, மேய்ச்சல் வழிகளையும் கணவாய்ப் பாதைகளையும், சீர்ப்படுத்தி இரவுத் தங்கல்களை அவ்வூர்களுக்கு மாற்றித் தருவது பயனுள்ளதாகும். இரண்டு மதிப்பீடுகளும் ஒரே கோப்பில் இருந்தால், பின்னர் வருந்தும் நிலை குறையும்.

படிவத்தில் ஒரு பத்தி

மாவட்ட அலுவலர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். பயணிகளின் தலைக்கணக்குக்கு அடுத்த பத்தியில் ஊர் வீடுகளில் கழிந்த இரவுகளின் எண்ணிக்கையைக் கேளுங்கள். எண்ணுவது எளிது, பொய் சொல்வதும் எளிதன்று, ஏனெனில் முறை வைத்திருக்கும் ஊரில் அது முன்பே ஏட்டில் இருக்கும். அனுமதிக் கட்டணம் கருவூலத்துக்குச் சென்று மறுநாளே மறக்கப்படாமல், அதில் ஒரு பகுதி குறிப்பிட்ட நாளுக்குள் ஊர் நிதிக்குத் திரும்பும்படி ஆணையிலேயே எழுதுங்கள். சுமை தூக்குவோரின் எடை வரம்பு, விபத்துக் காப்பீடு, குளிராடை ஆகியவற்றை அனுமதியின் நிபந்தனையாக்குங்கள். கணவாயில் கால் ஒடிந்த சுமையாளியைத் தூக்கி இறக்கும் செலவு இன்றும் பல இடங்களில் அவர் உறவினரின் தலையில் விழுகிறது. பயணிக்குக் காப்பீடு கேட்கும் நாம், அவருடைய பெட்டியைச் சுமப்பவருக்குக் கேட்பதில்லை.

மூடவேண்டிய புல்வெளியை மூடத்தான் வேண்டும். ஆனால் மூடும் ஆணையுடன், அதனால் வேலையிழக்கும் ஊர்கள் எவை, அவற்றின் ஆட்களுக்கு அப்பருவத்தில் என்ன பணி என்பதும் இணைக்கப்படல் வேண்டும். பணிக்குப் பஞ்சமில்லை. உத்தரகாசி மாவட்டத்தின் தயாரா புக்யாலில், அரிக்கப்பட்ட சரிவுகளின்மேல் வனத்துறை தென்னைநார் விரிப்புகளைப் பரப்பி, மூங்கிலும் உதிர்ந்த பைன் இலையும் கொண்டு சிறு தடுப்புகள் அமைத்து, புல்லை மீண்டும் பிடிக்கச் செய்துள்ளது. கடற்கரையில் விளைந்த நார் இமயத்தின் மண்ணைப் பிடித்துவைப்பது வியப்பான காட்சியே. அவ்விரிப்பைக் கழுதைமேல் ஏற்றிச் செல்லவும், சரிவில் முளையடித்து விரிக்கவும், இரண்டு மூன்று பருவங்கள் அங்கே மேய்ச்சலும் கூடாரமும் புகாமல் காக்கவும் ஆட்கள் வேண்டும். எந்தச் சரிவில் நீர் எப்படி இறங்கும் என்பதை அறிந்தவர்கள் அவ்வழியே பயணிகளை அழைத்துச் சென்ற ஊராரே. அப்பணியின் முதல் அழைப்பு அவர்களுக்குப் போதல் வேண்டும்.